மீட்டரில் ஒன்று, கையில் கேட்பது வேறொன்று: வெளிநாட்டு டாக்ஸியில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

சத்துவாச்சாரி_சங்கர்:
வணக்கம். போன வருஷம் மச்சானும் நானும் பாங்காக் போயிருந்தோம். சுவர்ணபூமி ஏர்போர்ட்டில் மெஷினில் சீட்டு எடுத்து, வரிசையில் நின்று, முறையாகத்தான் டாக்ஸி பிடித்தோம். கொஞ்ச தூரம் போனதும் டோல்கேட்டுக்கு முன்னால் டிரைவர் வண்டியை மெதுவாக்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினார். மச்சான் டிப்ஸ் கேட்கிறார் என்று நினைத்து, இறங்கும்போது பார்த்துக்கலாம் என்கிற மாதிரி தலையை ஆட்டினார். அந்த ஆள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கி கீழ் ரோட்டைப் பிடித்தார், அப்புறம் நம்ம வேலூர் கிரீன் சர்க்கிள் டிராஃபிக்கில் சாயங்காலம் மாட்டிக்கொண்ட கதைதான். ஹோட்டல் வாசலில் மீட்டருக்கு மேல் 50 பாட் கொடு என்றார். மச்சான் விடவில்லை, செக்யூரிட்டி வந்து விலக்கிவிடும் அளவுக்குப் போய், கடைசியில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனோம்.

இப்போது அப்பா, அம்மா, மனைவி, அஞ்சு வயசுப் பெண் எல்லோரையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரும் மலேசியாவும் போகிறோம். அப்பா முன்கோபி வேறு. இந்த மாதிரி சண்டை வராமல் இருக்க முன்கூட்டியே என்ன தெரிந்துகொண்டு போகணும்?

கோட்டைவெளி:
அந்த டிரைவர் மேல் தப்பே இல்லை சார். சுவர்ணபூமியில் வரிசையில் நின்று ஏறுகிற டாக்ஸிக்கு மீட்டருக்கு மேல் 50 பாட் ஏர்போர்ட் கட்டணம் உண்டு, அது ஊரறிந்த விதி. எக்ஸ்பிரஸ்வே டோலும் பயணிதான் கட்டணும், அதை அங்கேயே கையில் வாங்கிக் கொடுப்பதுதான் அவர்கள் வழக்கம். கையை நீட்டினது அதற்குத்தான். உங்கள் மச்சான் நம்ம ஊர்ப்படி பக்கவாட்டில் தலையை ஆட்டியிருப்பார், அது அவருக்கு மாட்டேன் என்று தெரிந்திருக்கும், சரி டோல் வேண்டாமாம் என்று கீழே இறங்கிவிட்டார். அடுத்த தடவை அந்த மெஷின் சீட்டை டிரைவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள், வண்டி விவரம் அதில்தான் இருக்கும், புகார் சொல்லவும் பையை மறந்து வைத்துவிட்டால் தேடவும் அது ஒன்றுதான் கதி.

ஆம்பூர்_தோல்மண்டி:
எல்லா டிரைவரும் உத்தமர் மாதிரி சொல்லாதீங்க பாய். மீட்டரைப் போடவே மாட்டேன், மொத்தமா இவ்வளவு கொடு என்று பேரம் பேசுகிறவன் பாங்காக்கிலும் இருக்கிறான். அவனிடம் வாதம் பண்ணாமல் இறங்கி அடுத்த வண்டியைப் பார்க்கணும். ஆனால் விதி தெரியாமல் நாம் போடும் சண்டையும் நிறைய, அதை ஒத்துக்கிறேன்.

தோல் வியாபாரத்துக்காக ஹாங்காங் போய் வருகிற எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் ஒருமுறையாவது இதில் மாட்டியிருப்பார்கள்: கடலுக்கு அடியில் போகிற சுரங்கப்பாதையில் அக்கரைக்குப் போனால், போகிற டோலோடு டிரைவர் திரும்பி வருகிற டோலையும் நாம்தான் கொடுக்கணும். அக்கரை வண்டிகளுக்கென்று தனி ஸ்டாண்டு இருக்கு, அங்கே ஏறினால் திரும்புகிற டோல் கிடையாது. டிக்கியில் வைக்கிற பெட்டி ஒவ்வொன்றுக்கும் 6 ஹாங்காங் டாலர். சாம்பிள் பெட்டிகளோடு போகிறவனுக்கு அந்தக் கணக்கு எப்படி ஏறும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மிலானில் இன்னும் வேடிக்கை. ஃபோன் பண்ணி டாக்ஸி கூப்பிட்டால், வண்டி நம் வாசலுக்கு வரும்போதே மீட்டரில் பணம் ஏறி நிற்கும், ஏனென்றால் கிளம்பின இடத்திலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். என் பார்ட்னர் கண்ணாடியைத் தட்டி மீட்டரைக் காட்டிக் காட்டிக் கத்தினார், அந்த மனுஷர் அமைதியாக ஒரு லேமினேட் பண்ணின கட்டணப் பட்டியலை எடுத்து நீட்டினார், முழுக்க இத்தாலியனில்.

குடியாத்தம்காரி:
அண்ணா, சிங்கப்பூர் பற்றி நான் சொல்கிறேன், நாங்கள் அங்கே சில வருஷம் குடியிருந்தோம். அங்கே ஏமாற்று குறைவு, மேல்கட்டணம்தான் ஜாஸ்தி. நடு ராத்திரியிலிருந்து காலை ஆறு மணி வரைக்கும் மீட்டரில் பாதி கூடச் சேரும். சாங்கி ஏர்போர்ட்டில் ஏறினால் அதற்குத் தனி. நேரத்தைப் பொறுத்து வசூலிக்கிற ரோடு காசும் நம் தலையில்தான். எல்லாம் ரசீதில் வரும். உங்கள் விமானம் விடிகாலையில் இறங்குகிறதா? அப்படியென்றால் அப்பாவை உட்கார வைத்து ஒரு காபி வாங்கிக் கொடுங்கள், ஆறு மணி தாண்டட்டும்.

முக்கியமான விஷயம் உங்கள் பொண்ணு. அங்கே 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைவான பிள்ளைக்கு காரில் குழந்தை சீட் இருக்கணும். தெருவில் ஓடுகிற டாக்ஸிக்கு மட்டும் விதிவிலக்கு, ஆப்பில் புக் பண்ணுகிற தனியார் காருக்குக் கிடையாது. இது தெரியாமல் சாதாரண காரை புக் பண்ணிவிட்டு, மடியில் வைத்துக்கிறோம் என்று கெஞ்சி, டிரைவர் முடியாது என்று போனதும் நம்மைக் கண்டால் இளக்காரமா என்று கோபப்பட்ட குடும்பத்தை என் கண்ணால் பார்த்தேன். பாவம், மாட்டினால் அபராதம் அவருக்குத்தானே. தவிர நீங்கள் அஞ்சு பேர், சாதாரண டாக்ஸியில் நாலு பேர்தான். நம்ம ஷேர் ஆட்டோ மாதிரி இடித்துக்கொண்டு உட்கார முடியாது. பெரிய வண்டி கேளுங்கள்.

காட்பாடி_ஸ்டாண்டு:
நான் இங்கே ஆட்டோ ஓட்டுறவன், பாஸ்போர்ட்டே இல்லை. ஆனால் பங்களாதேஷிலிருந்து சிகிச்சைக்கு வர்றவங்களுக்கு நான்தான் வெளிநாட்டு டிரைவர்! காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி சிஎம்சி ஆஸ்பத்திரி என்பார்கள், நானும் வேலூர் டவுனுக்கு ஓட்டுவேன். ஆஸ்பத்திரி கிட்ட வந்த அப்பால சீட்டைக் காட்டினால் அதில் ராணிப்பேட்டை கேம்பஸ் என்றிருக்கும். அது சிஎம்சியோட இன்னொரு வளாகம், 2022இல் திறந்தது, நெடுஞ்சாலைப் பக்கம் கீழ்மின்னலில் இருக்கு. திரும்பவும் அவ்வளவு தூரம் ஓட்டிப்போய் கூடக் கேட்டால் நான் ஏமாத்துக்காரன். அவங்க மேலும் தப்பில்லை, உடம்பு முடியாத ஆளை வெச்சுக்கிட்டு எதை யோசிப்பாங்க. இப்போ சீட்டைப் பார்த்துட்டுத்தான் கிக்கரைத் தொடுவேன். நீங்களும் ஏறுவதற்கு முன்னால் முழு விலாசத்தை ஃபோனில் எடுத்து டிரைவர் மூஞ்சிக்கு நேரா காட்டிடுங்க சார், ஏரியா பேரை மட்டும் சொல்லாதீங்க.

சத்துவாச்சாரி_சங்கர்:
குழந்தை சீட் விஷயம் சுத்தமாகத் தெரியாது, நன்றிமா. அப்படியே ஒன்று: கோலாலம்பூரில் அம்மாவை பத்துமலை முருகனுக்குக் கூட்டிப்போகணும், டாக்ஸிக்கு என்ன பேசலாம்?

குடியாத்தம்காரி:
டாக்ஸியே வேண்டாம் அண்ணா. கேஎல் சென்ட்ரலில் கேடிஎம் கம்யூட்டர் ரயில் ஏறினால் கோயிலுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். அம்மாவுக்கு மூட்டு வலி இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மேலே குகைக்கு 272 படி.