புதுப்பிப்பு: சபையில் சாந்தம், வீட்டில் கோபம்

முந்தைய பதிவில் கேட்டது இதுதான்: சபையில் என்னைச் சாந்தமானவன் என்கிறார்கள், வீட்டிலோ சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறேன். இதைத் தேவனிடம் மட்டும் சொன்னால் போதாதா?

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் பைபிள் வசனமான யாக்கோபு 5:16-ஐப் பலர் சுட்டிக்காட்டினீர்கள். சரி என்று ஜெபக்குழுவில் மூத்தவர் ஒருவரிடம் தனியாகப் பேசினேன். "எனக்குக் கொஞ்சம் கோபம் வரும் அண்ணா" என்று பூசி மெழுகத்தான் ஆரம்பித்தேன். அவர் விடவில்லை. "போன தடவை என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுங்க தம்பி" என்றார். மகள் ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டதற்காகப் புத்தகத்தை மேஜையில் அறைந்ததையும், அவள் பேசாமல் எழுந்து போனதையும் சொன்னேன். உபதேசம் எதுவும் வரவில்லை (அதுவே ஆச்சரியம்). "பாப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவே கேட்டேன்.

கோபம் போய்விட்டதா? இல்லை. அப்போஸ்தலனாகிய பவுலும் தன் மாம்சத்தில் இருந்த முள் (அவரை விடாமல் வருத்திய ஒரு வேதனை) நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் எடுக்கப்பட்டதாக 2 கொரிந்தியர் 12 சொல்லவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் கிடைத்தது. ஆனால் அதைச் சாக்காக வைத்து "என் சுபாவமே இப்படி" என்று உட்கார்ந்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பவுலின் முள் அவரைக் குத்தியது. என் கோபம் குத்துவது வீட்டில் இருப்பவர்களை.

மனநல ஆலோசகரையும் பாருங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள். பார்க்கப் போகிறேன். அதை விசுவாசக் குறைவாக நான் நினைக்கவில்லை.