டட்சன் 620 பிக்கப்: சேஸித் துரு, முன் டிஸ்க், ஹெட் வேலை. வீட்டில் எதுவரை?

செம்பவாங்_620

வணக்கம். வண்டி 1977 டட்சன் 620, ஒற்றைக் கேபின். நிற்பது சிங்கப்பூரில், எங்கள் வரிசைவீட்டு போர்ச்சில். மேலே கூரை உண்டு, மூன்று பக்கமும் காற்று. சுவரில் 13 ஆம்பியர் பிளக் மட்டும்தான். இப்போதைய நிலவரம்:

சேஸி: வலப்பக்கப் பின் ஸ்பிரிங்கின் முன் தொங்கலுக்கு (ஸ்பிரிங்கைச் சேஸியில் மாட்டும் தாங்கி) மேலே ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்குகிறது. சுமார் 12 செ.மீ. நீளம். இடப்பக்கம் சுத்தியலால் தட்டினால் கணீரென்றுதான் கேட்கிறது.

பிரேக்: நான்கும் டிரம். வண்டி இடப்பக்கம் இழுக்கிறது.

எஞ்சின்: எல்18 (நிசானின் எல் சீரிஸில் ஒன்று). ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது, ஆனால் எண்ணெயில் கலக்கவில்லை. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டில் கோளாறோ என்று சந்தேகம். இக்னிஷன் பழைய பாயின்ட்தான் (தீப்பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனை).

சேஸிக்கு ஒட்டுப் போட்டு, முன்னால் டிஸ்க் மாட்டி, எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்து, வண்டியை இரண்டு அங்குலம் இறக்கலாம் என்று எண்ணம். எங்கே தொடங்குவது? எதை வெளியே கொடுப்பது?

ஸ்பேனர்_வேலு

முதலில் காகிதம், தம்பி. பிளாக்கின் வலப்பக்கம், ஹெட்டுக்குச் சற்றுக் கீழே எஞ்சின் எண் அடித்திருக்கும். துடைத்துப் பார்த்துப் பதிவோடு ஒப்பிடுங்கள். முன்பு வைத்திருந்தவர் எஞ்சின் மாற்றியிருந்தால் எண் ஒத்துப்போகாது. ஹெட்டுக்குப் பணம் போடும் முன்பே அது தெரிய வேண்டும். பழைய வண்டிகளுக்கான கிளாசிக் பதிவுத் திட்டத்துக்குப் போகிற எண்ணம் இருந்தால், சரக்கு வண்டியை அதில் ஏற்பார்களா, நீங்கள் சொல்லும் மாற்றங்களுக்கு அனுமதி உண்டா என்று நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். மீதி நாளெல்லாம் நிற்கிற வண்டி என்பதை மனத்தில் வைத்துப் பாகம் வாங்குங்கள்.

இன்னொன்று: சேஸி எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. துருவோடு எண்ணும் போனால் வண்டிக்கு அடையாளமே இல்லை. அந்த இடத்துக்கு முதல் நாளே டேப் ஒட்டி மூடிவிடுங்கள்.

இனி சேஸி. இடப்பக்கம் கணீரென்கிறது என்பதை நம்ப வேண்டாம். சேஸி இரும்பு பெட்டி வடிவம். மண்ணும் இலைச்சருகும் உள்ளே அடியில் சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், துரு உள்ளிருந்துதான் வெளியே வரும். வெளித்தகடு கடைசியாகத்தான் காட்டிக்கொடுக்கும். போனில் செருகும் சின்ன கேமராவை வடிகால் ஓட்டை வழியாக விட்டு இரண்டு பக்கமும் பாருங்கள். தொங்கல், குறுக்குக்கட்டை சேருமிடம், கேபின் ரப்பர் உட்காரும் இடம் மூன்றையும் விடக்கூடாது.

வெட்டும் முன் பின்தொட்டியைக் கழற்றுங்கள், பெட்ரோல் டேங்கை இறக்கி வேறு இடத்தில் வையுங்கள். பேட்டரி ஒயரையும் ஆல்டர்னேட்டர் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். நான்கு ஸ்டாண்டில் மட்டமாக ஏற்றி, குறுக்கு அளவு இரண்டையும் டேப்பால் எடுத்துச் சேஸி மேலேயே சாக்பீஸால் எழுதுங்கள். வெல்டிங் முடிந்து அதே அளவு வராவிட்டால் சேஸி முறுக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

துரு தெரிகிற இடத்தோடு நிறுத்தாமல் முழுத் தடிமன் உள்ள வெள்ளை இரும்பு வரும்வரை வெட்டுங்கள். மூலையைச் சதுரமாக விடாதீர்கள், 20 மி.மீ. அளவுக்கு வளைத்து விடுங்கள். சதுர மூலையில்தான் பின்னால் வெடிப்பு தொடங்கும். ஒட்டுத் தகடு சேஸித் தகட்டின் அதே தடிமன். அதற்கு மேல் போடும் வலுத்தகட்டின் முனைகளைச் சாய்வாக, வைர வடிவில் வெட்டுங்கள். சேஸிக்குக் குறுக்கே நேர்கோட்டில் வெல்டு ஓடினால் அந்தக் கோட்டிலேயே ஒரு நாள் முறியும். மேல், கீழ் விளிம்பின் ஓரத்தில் வெல்டு வேண்டாம், 10 மி.மீ. ஓட்டை போட்டு பிளக் வெல்டாக நிரப்புங்கள். வெடிப்பு கண்ணில் பட்டால் அதன் நுனியில் 3 மி.மீ. ஓட்டை போட்ட பிறகே மூடுங்கள்.

உங்கள் 13 ஆம்பியர் பிளக் சுமார் 3 கிலோவாட்தான் தரும். மட்கார்ட், தரைத்தகடு மாதிரி 0.8, 0.9 மி.மீ. தகட்டுக்கு அது தாராளம். 3 மி.மீ. சேஸிக்கு வெல்டிங் மெஷின் அடிக்கடி நின்றுவிடும், வெல்டு உள்ளே இறங்காமல் மேலே மெழுகு மாதிரி உட்காரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து. மூன்று பக்கம் காற்றடிக்கிற போர்ச்சில் வெல்டைக் காக்கும் கேஸ் வேறு நிற்காது. அதனால் வெட்டுவது, தகடு பொருத்துவது, புள்ளி வெல்டு வைப்பது வரை வீட்டில் செய்யுங்கள். முழு வெல்டு காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் சேஸி வேலை தெரிந்த பட்டறையில்.

முடிந்ததும் எப்பாக்ஸி பிரைமரை அன்றைக்கே அடித்தாக வேண்டும். இங்கே விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மாலையில் தேய்த்துப் பளபளவென்று விட்ட இரும்பு காலையில் செம்மண் நிறத்தில் நிற்கும். உள்பக்கத்துக்கு நீள நாசில் வைத்து மெழுகு அடியுங்கள், ஆனால் பெயிண்ட் வேலையெல்லாம் முடிந்த பிறகு. மெழுகு பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாது. வடிகால் ஓட்டைகளை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள்.

டிரம்_டூ_டிஸ்க்

வேலு அண்ணன் சேஸியை முடித்துவிட்டார், நான் பிரேக்குக்கு வருகிறேன்.

டிஸ்க் ஆசைக்கு முன் இழுப்புக்குக் காரணத்தைப் பாருங்கள். இடப்பக்கம் இழுத்தால் பெரும்பாலும் வலப்பக்கம் வேலை செய்யவில்லை. நின்றே கிடந்த வண்டியில் வீல் சிலிண்டர் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும், அல்லது ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி வால்வு மாதிரி அடைத்துக்கொள்ளும். அந்த ஹோஸ் வெளியே புதிது மாதிரியே இருக்கும். பிரேக் மிதித்து விட்டதும் சக்கரம் இறுகி நின்று, பிளீடரை (ஆயிலை வெளியேற்றும் திருகு) திறந்தவுடன் சுழன்றால் ஹோஸ்தான் குற்றவாளி.

டிஸ்க் மாற்றுவதாக இருந்தால் தனித்தனியாகப் பாகம் பொறுக்காதீர்கள். 1978 மாடலிலிருந்து அமெரிக்கச் சந்தை 620-இல் முன் டிஸ்க் வந்தது. அந்த நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம்), ஹப், டிஸ்க், காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பிடி), மாஸ்டர் சிலிண்டர் (மிதியின் அழுத்தத்தை லைனுக்கு அனுப்புவது) எல்லாம் ஒரே வண்டியிலிருந்து செட்டாக வந்தால் தலைவலி பாதி குறையும். பலர் கோட்டை விடுவது மாஸ்டர் சிலிண்டரில்: டிரம்முக்கான மாஸ்டரில் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு இருக்கும். டிரம்முக்கு அது வேண்டும். டிஸ்க் பக்கம் அதே வால்வு இருந்தால் பேடு டிஸ்க்கை விட்டு விலகாது, பத்து நிமிட ஓட்டத்தில் ஹப்பே கொதிக்கும். முன் லைனுக்கு வால்வு இல்லாமலும் பின் லைனுக்கு வால்வோடும் இருக்கிற மாஸ்டர்தான் சரி. சக்கரம் 6 போல்ட், 139.7 மி.மீ. வட்டம், பழைய இரும்பு ரிம் காலிப்பரில் உரசுகிறதா என்று டயர் மாட்டாத வெறும் ரிம்மை வைத்துச் சுற்றிப் பாருங்கள்.

லைன் முழுவதையும் 4.75 மி.மீ. செம்பு-நிக்கல் குழாயில் புதிதாக இழுத்துவிடுங்கள். நம் கடற்காற்றுக்கு அது துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். நட்டு எம்10, மரை 1.0. குழாய் முனை இரட்டை மடிப்பு ஃப்ளேராக (விரித்த வாய்) இருக்க வேண்டும். ஐரோப்பிய வண்டிகளின் குமிழ் ஃப்ளேர் இதில் உட்காராது. முறுக்க முறுக்கக் கசியும். வெறும் செம்புக் குழாய் வேண்டவே வேண்டாம், அதிர்வில் வெடிக்கும்.

பிரேக் ஆயில் டாட் 4 ரகம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஆகவே வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெயிண்ட் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

எல்_சீரிஸ்_ரசிகை

ஹெட்டைத் திறக்கும் முன் ஹெட்டுதான் என்று உறுதி செய்யுங்கள். ரேடியேட்டரில் அழுத்தப் பம்பு மாட்டி, மூடியில் எழுதியுள்ள அழுத்தத்துக்கு ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். முள் இறங்கினால் வாட்டர் பம்பின் அடி ஓட்டை, ஹீட்டர் ஹோஸ், கேபின் தரைவிரிப்பு மூன்றிலும் ஈரம் தேடுங்கள். எங்கும் ஈரம் இல்லாவிட்டால் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் கழுவிவிட்ட மாதிரி வெள்ளையாக இருந்தால் தண்ணீர் அந்த சிலிண்டருக்குள்தான் போகிறது.

ஹெட்தான் என்றால், எல் சீரிஸில் ஒரு பொறி இருக்கிறது. கேம் ஸ்பிராக்கெட்டை (செயின் ஓடும் மேல் பல்சக்கரம்) கழற்றியதும் டைமிங் செயின் தொய்ந்துவிடும். செயினை இறுக்கிப் பிடிக்கக் கீழே இருக்கும் டென்ஷனரின் பிஸ்டன் வெளியே குதித்துவிடும். அதைத் திரும்ப உள்ளே தள்ள முன்மூடியையே கழற்ற வேண்டும். அதற்குக் கிராங்க் புல்லி, எண்ணெய்ச் சட்டி என்று வேலை நீளும். ஒரு மாலை வேலை ஒரு வாரமாகிவிடும். அதனால் முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, செயின் கண்ணிக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் வெள்ளைப் பெயிண்டில் குறி வையுங்கள். செயினின் இரு புறத்துக்கும் நடுவே மேலிருந்து கெட்டி மர ஆப்பு ஒன்றை இறுக்கமாக இறக்குங்கள். ஆப்பின் தலையில் கம்பி கட்டி வெளியே விடுங்கள், உள்ளே விழுந்தால் எடுக்க வழியில்லை.

ஹெட் போல்ட்டுகளுக்கு 10 மி.மீ. ஆலன் பிட் வேண்டும். போல்ட் தலைக்குள் படிந்த கரியை ஊசியால் சுரண்டிவிட்டுப் பிட்டைச் சுத்தியலால் தட்டி முழுசாக இறக்குங்கள், பிறகு திருப்புங்கள். எல்லாம் கழன்றும் ஹெட் அசையாவிட்டால் கடப்பாரையைத் தேடாதீர்கள்: முன்மூடியோடு ஹெட்டைப் பிணைக்கும் இரண்டு சின்ன போல்ட்டுகள் இன்னும் இருக்கும். எல்லாரும் மறப்பது அதைத்தான்.

ஹெட் அலுமினியம். நேர்கோல் வைத்து ஃபீலர் கேஜ் விடுங்கள், 0.1 மி.மீ. தாண்டி நுழைந்தால் மெஷின் ஷாப்புக்குப் போக வேண்டும். அளவோடுதான் சீவ வேண்டும், அதிகம் சீவினால் கேம் கீழே இறங்கிச் செயின் தொய்யும், வால்வு டைமிங் பின்தங்கும். ஸ்பிராக்கெட்டில் உள்ள மூன்று ஓட்டைகள் இதைக் கொஞ்சம் சரிக்கட்டத்தான். போன கையோடு வால்வு சீட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் 1998-க்குப் பிறகு, சீட்டுத் தேய்மானத்தைத் தடுக்கும் ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை, பழைய சீட்டுகள் அமிழ்ந்திருக்கலாம்.

பூட்டிய பிறகு வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உள்வால்வு 0.20, வெளிவால்வு 0.25 மி.மீ. சூடாக இருக்கும்போது 0.25, 0.30. தெர்மோஸ்டாட் 82 டிகிரி வகை வந்திருக்கும். நிசானிலேயே வெப்ப நாட்டுக்கு 76.5 டிகிரி உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். தெர்மோஸ்டாட்டே இல்லாமல் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இக்னிஷனுக்கு எல் சீரிஸ்காரர்கள் ‘தீப்பெட்டி’ என்று சொல்லும் எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர்தான் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது) என் பரிந்துரை. பக்கவாட்டில் இ12-80 மாட்யூல் ஒட்டியிருக்கும். பி முனை காயிலின் பிளஸ்ஸுக்கு, சி முனை மைனஸுக்கு. மாற்றிக் கொடுத்தால் மாட்யூல் காலி. பாயின்ட் காலத்து பாலாஸ்ட் ரெசிஸ்டரை (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைப்பது) நீக்கிவிட்டு, அந்த மாட்யூலுக்கென்று உள்ள சுமார் 1 ஓம் காயில் போடுங்கள். பிளக் இடைவெளியை 0.8-இலிருந்து 1.0 மி.மீ.க்கு ஏற்றலாம். பழைய டிஸ்ட்ரிபியூட்டரைப் பாயின்ட்டோடு துணியில் சுற்றி எடுத்து வையுங்கள், எதற்கும் இருக்கட்டும்.

செம்பவாங்_620

எல்லாருக்கும் நன்றி. எஞ்சின் எண்ணை இன்றே பார்க்கிறேன். இரண்டு சந்தேகம். இறக்கத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? பெயிண்ட் போர்ச்சிலேயே அடிக்கலாமா?

ஸ்பேனர்_வேலு

பெயிண்ட் கூடாது. கையால் பூசுகிற எப்பாக்ஸி பிரைமர் வரை சரி. இரண்டு பாகமாகக் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது; வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாமல் அடித்தால் நுரையீரலுக்குக் கேடு, சாதாரணக் கரி முகமூடியை நம்ப முடியாது. பக்கத்து வீட்டுத் துணி மேல் பட்டால் அது வேறு சண்டை. தகட்டை வீட்டில் தயார் செய்து ஸ்பிரே பூத் உள்ள கடைக்கு அனுப்புங்கள், கூலியில் பெரும்பகுதி தேய்க்கிற வேலைக்குத்தான்.

இறக்கத்துக்கு நான் எதிர். பிக்கப் பிக்கப்பாக நிற்கட்டும்.

டிரம்_டூ_டிஸ்க்

அண்ணன் சொன்னதை முழுசாக ஏற்க மாட்டேன். ஒரு அங்குலம் இறக்கினால் கேடு ஒன்றுமில்லை, அனுமதி பிரச்சினை இல்லை என்றால். முன்னால் டோர்ஷன் பார் (முறுக்கேறி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி). அதன் பின்முனையில் உள்ள சரிசெய் போல்ட்டைத் தளர்த்தினால் இறங்கும். எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று முதலில் அளந்து எழுதுங்கள். சக்கரங்கள் தொங்குகிற நிலையில்தான் தளர்த்த வேண்டும். பாரையே கழற்றினால் இடம், வலம் குறித்து வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு திசையில் முறுக்கிப் பழகியது, மாற்றிப் போட்டால் நாளடைவில் முறியும்.

இரண்டு அங்குலம் போனால் பம்ப் ரப்பருக்கும் சஸ்பென்ஷன் கைக்கும் இடையே இடமே மிஞ்சாது, ஒவ்வொரு வேகத்தடையிலும் இடிக்கும். பின்னால் ஆக்சிலுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவே பிளாக் வைக்கும்போது நீள யூ-போல்ட் புதிதாகவே வாங்குங்கள், பழையது ஒருமுறை இறுக்கியதோடு நீண்டிருக்கும். ஸ்பிரிங் புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் சக்கரத்தின் மேல் நிற்கும்போது மட்டும் இறுக்குங்கள். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

வலப்பக்கத் தொங்கல் ஒட்டு முடியும்வரை இதில் கை வைக்காதீர்கள். பிளாக் வைத்த பிறகு தொங்கலில் விழும் இழுப்பே மாறும், அரைகுறை வெல்டு அதைத் தாங்காது.