கிளைடரை நக்கும் மாடுகளை என்ன செய்வது?

கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) ஓட்டுபவர்களே, ஒரு யோசனை வேண்டும். ஞாயிறன்று ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் தெர்மல் (மேலே தூக்கும் சூடான காற்று) ஓய்ந்துவிட, புல்வெளியில் இறங்கினேன். அறுவடை முடிந்த கோதுமை வயலில் இறங்கத்தான் சொல்லித்தருகிறார்கள். ஜூனில் அதற்கு எங்கே போவது?

கண்ணாடி மூடியைத் திறப்பதற்குள் இருபது இளங்காளைகள் சூழ்ந்துகொண்டன. ஒன்று இறக்கை நுனியை ஐஸ்கிரீம் மாதிரி நக்கியது, இன்னொன்று வாலில் முதுகைச் சொறிந்தது. 15 மீட்டர் இறக்கை; இந்த நுனியில் விரட்டினால் அந்த நுனியில் நிற்கின்றன! கிளைடரை ஏற்றிப்போக டிரெய்லர் வர இரண்டு மணி நேரம். கடைசியில் விவசாயி வந்து வாளியைத் தட்டினார், எல்லாம் அவர் பின்னால் போய்விட்டன.

தனியாக இருந்தால் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அப்புறம், ஜெல்கோட்டில் (இறக்கையின் வழவழப்பான வெளிப்பூச்சு) சொரசொரவென்று நாக்குத் தடம். வெந்நீருக்குப் போகவில்லை. பாலிஷ் போதுமா, பட்டறைக்குத்தான் போக வேண்டுமா?