மெஸ்ஸில் பரிமாறுபவர்களைப் பழக்குவது எப்படி?

காரைக்குடி மெஸ்: மதியக் கூட்டத்தில் சர்வர்கள் குழம்பு வாளியோடு இலை முன்னாலேயே நிற்கிறார்கள். சாப்பிடுபவர்கள் முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பந்திக்காரர்: முதலில் இலையைச் சரியாகப் போடச் சொல்லுங்கள். நுனி சாப்பிடுபவருக்கு இடப்பக்கம். உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல் மேல்பாதியில், சோறு கீழ்பாதியில். அவர் சோற்றில் குழி பறித்த பிறகு குழம்பு. "போதுமா?" என்று கேட்கவே வேண்டாம், எழுந்திரு என்கிற மாதிரி இருக்கும். "இன்னும் கொஞ்சம் வைக்கவாண்ணே?" போதும்.

தேவகோட்டையான்: சைவ இலைக்குத் தனிக் கரண்டி. கோழிக் குழம்புக் கரண்டி ரசத்தில் விழுந்தால் வாளியையே மாத்தணும், சமாளிக்கக் கூடாது.

கல்லாப்பெட்டி: பையன்களை மட்டும் திட்டாதீங்க. சோறு, குழம்பு, பில் மூணும் ஒரே ஆள் கையில்னா அவசரம் வரத்தான் செய்யும். பிரிச்சுக் குடுங்க. பக்கத்து ஆள் சாப்பிடும்போது மேசை துடைக்கவும் விடாதீங்க.