காலையில் 120, மதியம் 119: பையனை ரோலர் கோஸ்டரில் ஏற்றியிருக்கலாமா?

குரோம்பேட்டை ரமா:
நேற்று ஷ்யாம் அப்பா எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ரோலர் கோஸ்டருக்கு 120 செ.மீ. வேண்டுமாம், மதியம் பையனை அளந்து 119 என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "உயரம் காலையில் அதிகம், போகப் போகக் குறையும், காலை உயரம்தான் உண்மையான உயரம்" என்று தீர்ப்பு வேறு. போதாததற்கு, ஷூவுக்குள் சாக்ஸை மடித்து வையுங்கள் என்று மற்ற பெற்றோருக்கு இலவச ஆலோசனை. சார், அது பிள்ளையா, இல்லை ஆடுகிற மேசையா, காலுக்கடியில் அட்டை செருகி நிறுத்த?

ஷ்யாம் அப்பா:
நான் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பா அம்மா? முதுகெலும்பு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகள் பகல் முழுக்க நின்று நடந்தால் அமுங்கும், ராத்திரி படுத்தால் மறுபடி உப்பும். ஒரு சென்டிமீட்டர் வரை வித்தியாசம் வரும். வீட்டுச் சுவரில் பென்சில் கோடு இருக்கிறது, காலை ஏழு மணி, 120. அங்கே மூன்று மணி, 119. இதில் பையன் செய்த குற்றம் என்ன? வாசலில் ஒருத்தர் அளந்து சரி என்று உள்ளே விட்டார், 50 நிமிடம் வரிசையில் நின்று மேலே போனால் இன்னொரு தம்பி மறுபடி அளக்கும் கம்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார். நிற்க வைத்தே அமுக்கிவிட்டு அப்புறம் அளந்தால் எப்படி?

சிங்கை வாசி:
இங்கே சிங்கப்பூரில், செந்தோசாவிலுள்ள யுனிவர்சல் பூங்காவில் 'மம்மி' ரைடுக்கு 122 செ.மீ. வேண்டும், 'கேலக்டிகா'வுக்கு 125, 'டிரான்ஸ்ஃபார்மர்ஸு'க்கு 102. என் மகள் 121 இருந்தபோது மம்மி பக்கமே போகவில்லை. நானும் மனைவியும் மாறி மாறிப் போய்வந்தோம், அவள் வெளியே உம்மென்று உட்கார்ந்திருந்தாள். ஒரு ஐஸ்கிரீமோடு முடிந்தது. முதுகெலும்பு வரைக்கும் யாரும் போகவில்லை.

முன்னாள் ராட்டினக்காரன்:
நான் இரண்டு வருடம் ஒரு பூங்காவில் ஒவ்வொரு இருக்கையாகப் பாரை, அதாவது மடிமேல் இறங்கும் பாதுகாப்புக் கம்பியை, அழுத்திப் பார்க்கும் வேலையில் இருந்தவன். ரைடு வாசலில் இருக்கும் அந்த உயரக் கோடு தலைக்காக மட்டும் போட்டதில்லை. முதுகு சாய்மானத்தில் ஒட்டியிருக்கும்போது முழங்கால் இருக்கை விளிம்பைத் தாண்டி மடிய வேண்டும், பார் தொடைமேல் இறுக்கமாக விழ வேண்டும். இரண்டு பேருக்கு ஒரே பார் இருக்கும் ரைடில் பிள்ளைக்குப் பக்கத்தில் தொப்பை வைத்த அப்பா உட்கார்ந்தால், பார் அப்பா வயிற்றில் முட்டி நின்றுவிடும். பிள்ளையின் மடிக்கும் பாருக்கும் நடுவே ஒரு தலையணையே போகும். ரயில் மேட்டைத் தாண்டி இறங்கும்போது உடம்பு இருக்கையை விட்டு எழும்பும் பாருங்கள், அந்த நொடிக்காகத்தான் இவ்வளவும். சாக்ஸ் வைத்தால் தொடை நீளாது சார்.

ஷ்யாம் அப்பா:
தொடையெல்லாம் சரி தம்பி. காலையில் உயரம் அதிகமா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர் தாத்தா:
பஸ்ஸில் அரை டிக்கெட்டுக்கு "குனிந்து நில்லுடா", இங்கே வந்தால் "நிமிர்ந்து நில்லுடா". சென்னை மெட்ரோவில் 90 செ.மீ.க்குக் கீழே இருந்தால் டிக்கெட் இல்லை என்கிறார்கள், அங்கே இவர் மாலை உயரத்தைத்தான் காட்டியிருப்பார்.

ஷ்யாம் அப்பா:
பெரியவரே, நான் வாழ்க்கையில் ஒரு அரை டிக்கெட் ஏமாற்றியது கிடையாது. உங்கள் காலத்தில் திருவிழாவில் கையால் தள்ளுகிற தொட்டில் ராட்டினம், அதில் ஆட்டுக்குட்டியையும் சேர்த்து ஏற்றுவார்கள். நீங்கள் எனக்குப் பாதுகாப்பு சொல்லித் தருகிறீர்களா?

தஞ்சாவூர் தாத்தா:
ஆட்டுக்குட்டி அடம்பிடிக்காது.

முன்னாள் ராட்டினக்காரன்:
விளையாட்டாகப் பேசுகிறீர்கள். 2022 மார்ச்சில் அமெரிக்காவில், ஆர்லாண்டோவில், 430 அடி கோபுரத்திலிருந்து இறங்கும் ரைடில் 14 வயதுப் பையன் விழுந்து இறந்தான். அவன் எடை அந்த ரைடுக்கான வரம்பைவிட அதிகம். தோள் கவசம் மூட வேண்டிய அளவுக்கு மூடவில்லை. இடைவெளி கூடுதலாக இருந்தாலும் ஓடும்படி அந்த இருக்கையின் சென்சாரைக் கையால் திருத்தி வைத்திருந்தது விசாரணையில் தெரிந்தது. "கொஞ்சம்தானே" என்பது இங்கேதான் கொண்டுவந்து விடும்.

ஷ்யாம் அப்பா:
பார்த்தீர்களா, அங்கே உயரம் பிரச்சினையே இல்லை, எடைதான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். என் பையன் 21 கிலோ.

சிங்கை வாசி:
விண்வெளிக்குப் போனால் முதுகெலும்பு நீண்டு 3 சதவீதம் வரை உயரம் கூடுமாம். இஸ்ரோவில் ஒரு மனு போட்டுப் பாருங்கள். 120-க்கு 123 வரும், மம்மியிலேயே ஏற்றலாம். கேலக்டிகா மட்டும் கொஞ்சம் இடிக்கும்.

ஷ்யாம் அப்பா:
கிண்டல் இருக்கட்டும். அப்படியானால் வட்டு விரியும், அமுங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்கள். அதைத்தான் நேற்றிலிருந்து தொண்டை கிழியச் சொல்கிறேன்.

குரோம்பேட்டை ரமா:
அந்தப் பென்சில் கோட்டின் யோக்கியதையை முதலில் பார்ப்போம். ஸ்கேலைத் தலையில் மட்டமாக வைத்தீர்களா, சாய்த்தா? பையன் குதிகாலைத் தூக்கினானா? சுவரின் அடியில் நீட்டிக்கொண்டு ஸ்கர்டிங் டைல் இருந்தால் குதிகால் சுவரில் ஒட்டவே ஒட்டாது. போன மாதம் இன்வெர்ட்டர் விவாதத்திலும் "நானே அளந்தேன்" என்றுதான் ஆரம்பித்தீர்கள். கடைசியில் மீட்டரில் பேட்டரி தீர்ந்திருந்தது.

ஷ்யாம் அப்பா:
அந்த இன்வெர்ட்டர் கதையை எத்தனை வருடத்துக்கு இழுப்பீர்கள்? நான் சிவில் இன்ஜினியர் அம்மா. 22 வருடமாக மட்டம் பார்க்கிறவன். எனக்கு ஸ்கேல் சாயுமா?

குரோம்பேட்டை ரமா:
என் வீட்டைக் கட்டியவரும் சிவில் இன்ஜினியர்தான். பாத்ரூமில் தண்ணீர் வடிகால் ஜாலியை விட்டுவிட்டு வாசலைப் பார்த்து ஓடுகிறது.

ஷ்யாம் அப்பா:
அது டைல்ஸ் போட்ட மேஸ்திரியின் தப்பு. வாட்டம் பார்த்துப் போடச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். நீங்கள் நின்றீர்களா?

தஞ்சாவூர் தாத்தா:
மேஸ்திரியைச் சொல்லாதே அப்பா. என் மச்சான் 40 வருடம் மேஸ்திரி. வாட்டத்துக்கு ரசமட்டம் வைத்துக் காட்ட வேண்டியது இன்ஜினியர். அவர் சைட்டுக்கு வந்தால்தானே.

சிங்கை வாசி:
பாத்ரூமுக்கே போய்விட்டோமா? பிள்ளை என்ன சொன்னான் என்று ஒருவரும் கேட்கவில்லையே.

ஷ்யாம் அப்பா:
அவன் பயந்துபோய் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் சொன்னான். அது வேறு விஷயம்.

முன்னாள் ராட்டினக்காரன்:
வேறு விஷயமா!!

ஷ்யாம் அப்பா:
ஆமாம், வேறு விஷயம். அடுத்த மாதம் மறுபடி போகிறோம், கதவு திறக்கும் நேரத்துக்கே. காரில் பின் சீட்டில் படுக்க வைத்துக் கூட்டிப் போவேன். அப்போதும் எந்தத் தம்பி 119 என்கிறான் பார்க்கலாம்.

குரோம்பேட்டை ரமா:
சாக்ஸோடா, சாக்ஸ் இல்லாமலா?

ஷ்யாம் அப்பா:
முதலில் காலையில் உயரம் அதிகமா இல்லையா, அதற்குப் பதில் சொல்லுங்கள்.