மறு: சப்கிளினிக்கல் இன்ஃப்ளமேஷனுக்கு (டாக்டர் தொட்டுப் பாத்தா பிடிபடாம ஸ்கேன்ல மட்டும் தெரியற அழற்சி) தமிழ்ல என்ன வைக்கலாம்?

> "அறிகுறியிலா அழற்சி"ன்னா போதுமே, எல்லாருக்கும் புரியும்.

ஐயா, புரியும்தான், ஆனா தப்பா புரியும். சோரியாசிஸ்ங்கற தோல் நோய் இருக்கறவர் ஒருத்தர் காலைல எந்திரிச்சு கால ஊன்னா குதிகால் வலிக்குதும்பார், டாக்டர் அமுக்கிப் பாத்தா வீக்கம் ஒண்ணும் இருக்காது, மூட்டுவாதத்துக்குப் பாக்கற ருமட்டாய்டு ஃபேக்டர் ரத்தப் பரிசோதனையும் நெகட்டிவ் (சோரியாசிஸோட வர்ற மூட்டுவாதத்துல அது பெரும்பாலும் நெகட்டிவாதான் வரும், அதை வச்சு ஒண்ணுமில்லன்னு அனுப்பிடறதுதான் கொடுமை). அதே குதிகால்ல அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ப்ரோபை வச்சா அக்கிலிஸ் நாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகாலோட கட்டறது) எலும்புல போய் ஒட்டற இடம் தடிச்சுப்போய், வரிவரியா தெரிய வேண்டியது கலைஞ்சு கறுப்பா கிடக்கும், ரத்த ஓட்டத்தைக் காட்டற பவர் டாப்ளர் போட்டா எலும்பை ஒட்டி 2 மி.மீ.க்குள்ள ரத்த ஓட்டம் புள்ளி புள்ளியா மின்னும். ஆக அவருக்கு அறிகுறி இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம், அழற்சி டாக்டர் கைக்குச் சிக்கலங்கறதுதான் இங்க விஷயம்.

> பதுங்கு அழற்சி?

கேக்க நல்லா இருக்கு அக்கா, ஆனா நம்மாளுங்களுக்கு பதுங்கறதுன்னாலே பாயறதுக்குத்தானே. சோரியாசிஸ்காரங்கள்ல 30 சதவீதம் பேர் வரைக்கும் மூட்டுவாதம் வரும்ங்கறாங்க, அதுவும் பெரும்பாலும் தோல்ல வந்து பல வருஷம் கழிச்சு. ஸ்கேன்ல ஏதோ தெரிஞ்ச எல்லாருக்கும் வந்துடும்னு கிடையாது, உடம்பு கனமா இருக்கறவங்க, நிறைய ஓடறவங்க, வயசானவங்களுக்கும் அந்த இடம் கொஞ்சம் தடிச்சிருக்கும். ரிப்போர்ட்ல "பதுங்கு அழற்சி"ன்னு படிச்சவர் அன்னிக்கு ராத்திரி தூங்குவாரா?

என் ஓட்டு "கரந்துறை அழற்சி"க்கு. கரந்துறை பாட்டுன்னு பழைய சித்திரகவியில உண்டே, ஒரு பாட்டோட எழுத்துக்குள்ளயே இன்னொரு பாட்டு ஒளிஞ்சிருக்கும், தேடறவங்களுக்குத்தான் கிடைக்கும். இந்தப் பேரு உள்ள இருக்குன்னு மட்டும் சொல்லுது, நாளைக்கு என்ன ஆகும்னு ஜோசியம் சொல்லல. பண்டிதத்தனமா இருக்குன்னு திட்டுவீங்க, தெரியும்.

அல்ட்ராசவுண்டுக்கு மீயொலியா கேளா ஒலியாங்கற பஞ்சாயத்துக்கு நான் வரல, ஸ்கேன்னே இருந்துட்டுப் போகட்டும். என்தீசிஸ்தான் இன்னும் இழுக்குது. தசைநார்னு சிலர் டெண்டனுக்கு (தசையை எலும்போட கட்டறது) எழுதறாங்க, சிலர் லிகமென்ட்டுக்கு (எலும்பையும் எலும்பையும் கட்டறது) எழுதறாங்க, ரெண்டும் எலும்பைப் பிடிக்கற இடத்துக்கும் என்தீசிஸ்னுதான் பேரு, அதனால நாணும் வேணாம் நாரும் வேணாம், "பற்றிடம்"னு வச்சுட்டா பற்றிட அழற்சின்னு தானா வந்துடுது. 2009-ல வந்த மாட்ரிட் ஸ்கோர்ங்கற ஸ்கேன் மதிப்பெண் முறை முழங்கை, முழங்கால், குதிகால், உள்ளங்கால்னு இந்தப் பற்றிடங்களத்தான் ஒவ்வொண்ணா பாத்து மார்க் போடுது. விரல் நுனி மூட்டுல நாண் பற்றற இடம் நகத்தோட வேரோட பின்னிக் கிடக்கறதால, நகத்துல குழி விழுந்தவங்கள முதல்ல கவனிக்கச் சொல்றதும் இதே கணக்குதான்.

தோல் ஓபி பாக்கற டாக்டருங்க யாராவது இங்க இருந்தா, கரந்துறை அழற்சி, பற்றிடம்னு ரெண்டு வார்த்தையையும் நோயாளிங்ககிட்ட வாய்விட்டு சொல்லிப் பாத்துட்டு எழுதுங்களேன்.