கணினி மின்கேபிளால் ஸ்பீக்கரில் எழும் இரைச்சல்

கேள்வி:
வணக்கம். என் மேசைக் கணினிக்குப் பின்னால் மின்கேபிளும் ஸ்பீக்கர் வயரும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டுள்ளன. மவுஸை நகர்த்தினாலே ஸ்பீக்கரில் மெல்லிய கீச்சொலி கேட்கிறது. ஓயாத ரீங்காரமும் உண்டு. மின்கேபிளில் ஃபெரைட் வளையம் (இரைச்சலைத் தடுக்கக் கேபிள்மேல் மாட்டும் காந்தப்பொருள் வளையம்) மாட்டினால் இரண்டும் தீருமா?

மறுமொழி 1:
இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். ஃபெரைட் வளையம் பெரும்பாலும் மெகாஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வெண்களையே தடுக்கும் என்பதால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்திலிருந்து எழும் ரீங்காரத்தை அது குறைக்காது. முதலில் கட்டை அவிழ்த்து, ஸ்பீக்கர் வயரை ஒரு சாண் தள்ளி வையுங்கள். இரண்டும் குறுக்கிட நேர்ந்தால் செங்கோணத்தில் கடக்கட்டும். வளையம் மாட்டுவதானால், கேபிளை அதனுள் இரண்டு முறை சுற்றுங்கள். ஒருமுறை நுழைப்பதைவிட இரைச்சலுக்கான தடை ஏறத்தாழ 4 மடங்காகும்.

மறுமொழி 2:
ரீங்காரத்துக்கு எர்த் வழியில் உண்டாகும் சுற்றே (கணினி, ஸ்பீக்கர் இரண்டின் எர்த் இணைப்புகளும் அவற்றை இணைக்கும் வயரும் சேர்ந்து அமையும் மூடிய மின்பாதை) காரணமாக இருக்கலாம். கணினியையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இணைத்துப் பாருங்கள். எர்த் முள்ளை மட்டும் தயவுசெய்து நீக்கிவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியில்) உள்ள வடிகட்டி இரைச்சலின் ஒரு பகுதியை அந்த வழியாகத்தான் வெளியேற்றுகிறது, அதைத் துண்டித்தால் கேபினட்டின் உலோகப் பரப்பில் கைபட்டதும் சுரீரென்று ஷாக் அடிக்கலாம்.

கேட்டவர்:
ஒரே பாக்ஸில் இணைத்ததும் ரீங்காரம் நின்றுவிட்டது. வயர்களைப் பிரித்த பின் கீச்சொலியும் வெகுவாகக் குறைந்தது. முன்பக்க ஹெட்போன் சாக்கெட்டில் மட்டும் சற்றே கேட்கிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.